பத்தாவது ஆள்

1

தாமோதரன் எழுதச் சொன்னான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் என்கூட மூன்று வருஷம் செக்யூரிட்டியாக நின்றவன். இப்போது காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறான். போனில் கேட்டான்.

“இன்னாடா பழனி, அஞ்சு வருசமா இஸ்ரேல்ல கீற. நாலு பக்கம் எழுது. ஒட்டகம், பாலைவனம், எதுனா.”

“எனக்கு எழுத வராதுடா.”

“கேட்ல ரிஜிஸ்டர் எழுதினல்ல? அதே மாதிரி எழுது. யாரு வந்தா, எப்ப வந்தா, இன்னாத்துக்கு வந்தா.”

சரி, அப்படியே எழுதுகிறேன். ஒட்டகம் பற்றி அல்ல. ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விட்ட ஒரு ஆளைப் பற்றி.

இன்று மல்கா அம்மாவின் நினைவு நாள். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டது அவர்கள் வீட்டுக்காரரை. இங்கே தாத்தாவை சபா என்பார்கள். நானும் சபா என்றே கூப்பிட்டேன்.

நம் திதி மாதிரிதான் இங்கே யூதர்கள் நாளும். காலண்டர் தேதிக்கு வராது, நிலாக் கணக்கு. முதல் நாள் சாயங்காலம் சூரியன் இறங்கினால் தொடங்கும், மறுநாள் சூரியன் இறங்கினால் முடிந்தது. கண்ணாடி டம்ளரில் ஒரு மெழுகுத் திரி எரியும். இன்று அதை ஏற்ற யாரும் இல்லை. நான் ஏற்றினால் அது செல்லாது. நான் இவர்கள் ஆள் இல்லை. ஆனால் நாள் மட்டும் மறப்பதில்லை.

2

நான் பத்தாவதில் நின்றவன். 2007இல் கேட் வேலைக்குப் போனேன். காலையில் கம்பெனி பஸ் வரும், பேட்ஜ் பார்த்து உள்ளே விட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் பெரிய வேலை.

தெற்கே இருந்து பையன்கள் தோளில் பையோடு, கையில் ஃபைலோடு வந்து இறங்குவார்கள்.

“அண்ணே, இங்க ஆள் எடுக்காவன்னு சொன்னாவ.”

“யார்ரா சொன்னது? ஆள் எடுக்கல. போ.”

“ஒரு தடவ உள்ள கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

“வேலை இல்ல. போ, போ. வண்டி வருது, ஓரமா நில்லு.”

ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். வாய் தானாகச் சொல்லும். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். எங்கள் சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இது. “ஆள் இறங்கி நடந்து வர்றப்பவே தெரியணும், உள்ள வுடற ஆளா, வெளிய வுடற ஆளான்னு. பேசவெல்லாம் வுடக் கூடாது. பேச வுட்டீன்னா பாவமா பூடும்.”

வெள்ளைக்காரர் வந்தால் பேட்ஜ் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், சல்யூட் மட்டும். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நிமிர்ந்து சல்யூட் அடித்து உள்ளே விட்டேன். கேன்டீனில் தயிர்சாதம் வரை சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் போக வேண்டியது அடுத்த கம்பெனி. தாமோதரன் ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தான். “வெள்ளையா எது வந்தாலும் இவன் கேட்டைத் தொறந்துருவான். நேத்து ஒரு கன்னுக்குட்டி வந்துச்சு, அதுக்கும் அடிச்சான்யா சல்யூட்டு.”

நானும் சிரித்தேன்.

3

2010இல் நோயாளி பராமரிப்புக் கோர்ஸ் முடித்துவிட்டு இங்கே வந்தேன். பாலைவன ஓரத்தில் ஒரு டவுன். யூதர் என்றால் எல்லோரும் வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். ஏஜென்டும் அப்படித்தான் சொன்னார்.

வந்து பார்த்தால் அப்படி இல்லை. சபா ருமேனியாக்காரர், பால் மாதிரி வெள்ளை. மல்கா அம்மா மொராக்கோ, போட்டோவில் பார்த்தால் நம் காஞ்சிபுரத்து அம்மா மாதிரி இருப்பார்கள். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் ஏமன்காரர். குன்றத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் நிஸிம், மல்கா அம்மாவின் ஊர்க்காரர். மேல் மாடியில் எலியாஸ் சேட்டன். கொச்சியில் பிறந்தவர். அவரும் யூதர்தான். சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டார், ஆனால் மலையாளம் போகவில்லை. அவர் மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். பாதி புரியும். பாதி போதும்.

அவர்தான் ஒரு நாள் சொன்னார். “கொச்சியில எங்க கூட்டத்திலேயே வெள்ளக்காரன், கறுத்தவன்னு ரெண்டு உண்டுடா. சாமி ஒண்ணு, புஸ்தகம் ஒண்ணு. வெள்ளக்காரன் பள்ளியில, அதான் கோயில்ல, சிலருக்கு பெஞ்சு கிடையாது. தரையில இருக்கணும்.”

“இங்க வந்த பிறகு?”

“இங்க வந்நப்போ, நீ யூதன்தானான்னு எங்களயே கேட்டு.” பிறகு அவரே, “பின்னே வேற ஆள் வந்நு. அதே கேள்விய ஞங்ஙள் அவங்களக் கேட்டு” என்றார்.

வேற ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. எத்தியோப்பியாவில் இருந்து வந்த யூதர்களைச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. அப்போது புரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளிடம் போனில் இதையெல்லாம் சொல்வேன். குன்றத்தூரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். நான் கிளம்பும்போது ஒன்பது வயது. முதலில் நிறைய கேட்பாள். பிறகு “ம்” என்றாள். பிறகு “அப்பா, டியூஷன் இருக்கு.”

4

2013. மல்கா அம்மா நாள் வந்தது. சபாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். கட்டிலை விட்டு இறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போக முடியாது.

இறந்தவர்களுக்காக ஒரு பிரார்த்தனை உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் ஒருவரும் இல்லாத மாதிரிதான். பணக்காரன், ஏழை, படித்தவன், படிக்காதவன் பார்ப்பதில்லை. பத்து யூதர், அவ்வளவுதான். நான் அந்த வீட்டிலேயே இருந்தேன், ஆனால் எண்ணிக்கையில் இல்லை.

காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சாயங்காலப் பிரார்த்தனை. அதுவும் சூரியன் இறங்குவதற்குள். நிஸிம் கடையை மூடிவிட்டு ஆள் சேர்த்தார். ஏமன்காரர் வந்தார். தங்கப் பல் வைத்த புகாராக்காரர் வந்தார். ரஷ்யாக்காரர், ஈராக்கில் இருந்து வந்த பழைய வாத்தியார், இன்னும் இரண்டு பேர். எலியாஸ் சேட்டன் மேலே இருந்து இறங்கி வந்தார். கட்டிலில் சபா, தலையணையில் சாய்ந்து, தலையில் குல்லா, கையில் புத்தகம். சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம்.

நான் கேட் பழக்கத்தில் விரலை நீட்டி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணினேன். நிஸிம் என் கையைத் தட்டிவிட்டார். ஆளை எண் சொல்லி எண்ணக் கூடாதாம். பத்து வார்த்தை உள்ள ஒரு வேத வரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதாவது வார்த்தை சபா மேல் விழுந்தது. பத்தாவது வார்த்தையை நிஸிம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

“ஒருத்தன் வருவான். சொல்லியிருக்கேன்” என்றார்.

எல்லோரும் உள்ளே கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் வாசலுக்குப் போனேன். கதவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. எனக்குத் தெரிந்த வேலை அது.

மணி அடித்தது. திறந்தேன்.

கறுப்பாக ஒருவர். நல்ல கறுப்பு. ஒல்லி. தலையில் தொப்பி, கையில் பிளாஸ்டிக் கவர், சட்டையில் வியர்வை. அந்தச் சமயம் ஆப்பிரிக்காவில் இருந்து பாலைவனம் தாண்டி நடந்தே வந்தவர்கள் இந்த டவுனில் நிறைய இருந்தார்கள். சிலர் பில்டிங் பில்டிங்காக வேலை கேட்டு வருவார்கள். அவர்களில் ஒருவர் என்று நினைத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். நான் பேச விடவில்லை.

“வேலை இல்ல. போ, போ” என்றேன். இந்த ஊர் பாஷையில்தான் சொன்னேன். வந்ததும் நான் சுத்தமாகக் கற்றுக்கொண்ட பத்து இருபது வார்த்தையில் அதுவும் உண்டு.

அவர் என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலையை ஒரு தரம் ஆட்டினார். நான் கதவைச் சாத்தினேன்.

ஐந்து நிமிஷம் கழித்து நிஸிம் வந்தார். “யாராவது வந்தாங்களா? எதிர் பில்டிங்குக்குப் புதுசா வந்தவன். எத்தியோப்பியாக்காரன். தொப்பி போட்டிருப்பான்.”

நான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்தியது தெரியாமல் செய்த தப்பு. அடுத்துச் செய்தது அப்படி இல்லை. ஜன்னலில் வெயில் இருந்தது. படியில் ஓடினால் தெருமுனைக்குள் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. என் விசா சபா பெயரில் இருந்தது. இந்த வீட்டில் இருந்து அனுப்பினால் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

“யாரும் வரல” என்றேன்.

எலியாஸ் சேட்டன் அப்போது பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். “எடா, ஆரும் வந்நில்லே?”

“இல்ல சேட்டா.”

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

நிஸிம் கையை உதறினார். “வர்றேன்னு சத்தியம் பண்ணான். இவனுங்க இப்படித்தான்.”

காத்திருந்தார்கள். ரஷ்யாக்காரர் தெருவுக்குப் போய் ஆள் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வெயில் சுவரில் ஏறி, மேல் ஓரத்துக்குப் போய், இல்லாமல் போனது. புத்தகங்களை மூடினார்கள். மூடும்போது முத்தம் வைத்து மூடுவார்கள். ஒன்பது முத்தச் சத்தம் கேட்டது.

சபா வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றார். பிறகு, “பரவாயில்லை. அடுத்த வருஷம் சொல்லலாம்” என்றார்.

5

இரண்டு மாதம் கழித்து சபாவைச் சக்கர நாற்காலியில் கிளினிக்குக் கூட்டிப் போனேன், ரத்தப் பரிசோதனைக்கு. இந்த நாட்டில் எந்த வாசலிலும் செக்யூரிட்டி உண்டு. பையைத் திறந்து காட்ட வேண்டும்.

அவர்தான் நின்றார். யூனிஃபார்ம், இடுப்பில் வாக்கி டாக்கி, சட்டையில் பெயர்: மெல்கமு.

அவரும் என் தொழில்தான். அன்றைக்கு ஷிப்ட் முடித்துச் சட்டை மாற்றிக்கொண்டு நேராக வந்திருக்கிறார். யூனிஃபார்மிலேயே வந்திருந்தால் நான் சல்யூட் அடித்திருப்பேனோ என்னவோ.

என்னை அடையாளம் தெரிந்தது. கண்ணில் தெரிந்தது. பையைத் திறந்தார். சபாவின் மாத்திரை டப்பா, துண்டு, தண்ணீர் பாட்டில், என் விசாக் காகிதம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எடுத்த மாதிரியே திரும்ப வைத்தார். சபாவிடம் குனிந்து, “வாங்க, உள்ளே குளிர்ச்சியா இருக்கு” என்றார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மாதம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் பையைத் திறந்து காட்டினேன். எட்டு தடவை.

மகளிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். தமாஷ் மாதிரி தொடங்கினேன், கன்றுக்குட்டி சல்யூட் கதையையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை.

“தாத்தாகிட்ட சொல்லிட்டியாப்பா?”

“சொல்லணும்.”

“அந்த மாமாகிட்ட?”

“சொல்லணும்மா.”

“எனக்கு மட்டும் எதுக்குப்பா சொல்ற?” என்று வைத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் சபா நிமோனியாவில் போய்விட்டார். அவர் சொன்ன அடுத்த வருஷம் வர இரண்டு மாதம் இருந்தது.

6

இவர்கள் வீட்டில் சாவு என்றால் ஏழு நாள். கண்ணாடியை எல்லாம் துணி போட்டு மூடுவார்கள். வீட்டுக்காரர்கள் தாழ்ந்த ஸ்டூலில் உட்காருவார்கள். ஏழு நாளும் கதவைப் பூட்டக் கூடாது. வருகிறவர் மணி அடிக்க வேண்டாம், தட்ட வேண்டாம், நேராக உள்ளே வரலாம். நான் பழக்கத்தில் வாசலில் போய் நின்றேன். சபாவின் மகன் அமெரிக்காவில் இருந்து வந்திருந்தார். “நீ உட்காரு. கதவுக்கு ஆள் வேண்டாம்” என்றார்.

தினமும் வீட்டிலேயே பிரார்த்தனை. தினமும் பத்து பேர். முதல் இரண்டு நாள் கூட்டம், எண்ணவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் நல்ல மழை, ஆள் வரவில்லை. நிஸிம் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதில் நின்றது.

அந்த மூடிய வாயைப் பார்த்தேன். சட்டென்று எழுந்து மழையில் கிளினிக்குப் போனேன்.

மெல்கமு பையைக் காட்டச் சொன்னார். பை இல்லை என்றேன்.

“அன்னைக்கு நீங்க வந்தீங்க. நான்தான் கதவச் சாத்துனேன்.”

“தெரியும்.”

“அந்தப் பெரியவர் இறந்துட்டார்.”

அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். “இப்போ எத்தனை பேர்?”

“ஒன்பது.”

எனக்குப் பின்னால் ஒரு அம்மா நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் பையைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மறுநாளே கடைக்காரர்கிட்ட போனேன். வந்தேன், வீட்டு வேலைக்காரன் உள்ள விடலைன்னு சொன்னேன். அவர் நம்பல. யாரும் வரலைன்னு நீ சொல்லிட்டியாம். நீ வெளிநாட்டுக்காரன். நான் இந்த நாட்டுக்காரன், அவங்க சாமியக் கும்பிடறவன். உன் பேச்சத்தான் நம்பினார். பத்து மாசமா அவர் கடையில நான் ரொட்டி வாங்கறதில்ல.”

முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தேன்.

“முதல்ல அவர்கிட்ட சொல்லு. எல்லாரும் இருக்கறப்பவே சொல்லு. அப்புறம் வர்றேன், ஷிப்ட் முடியப் போகுது” என்றார். “உனக்காக இல்ல.”

திரும்பி வந்தேன். ஈரத்தோடு நடுக்கூடத்தில் நின்று சொன்னேன். எனக்கு அந்தப் பாஷையில் பெரிய வாக்கியம் வராது. சின்னச் சின்னதாகச் சொன்னேன். அவர் வந்தார். நான் அனுப்பினேன். நீங்கள் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். நேரம் இருந்தது.

சபாவின் மகன் தரையைப் பார்த்தார். நிஸிம் முகம் சிவந்துபோனது.

“பத்து மாசம்! பத்து மாசமா அந்த மனுஷன் மூஞ்சியில நான் முழிக்கல. எம் பொண்டாட்டிகிட்ட, பக்கத்துக் கடைக்காரன்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன், அவன் பேச்சு தப்பினவன்னு. நீ சபாவுக்குச் சோறு ஊட்டின கையோட பொய் சொன்னியா?”

“ஆமா.”

“ஞான் கண்டு” என்றார் எலியாஸ் சேட்டன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் அவர்கள் பாஷையில் ஒரு தடவை சொன்னார். பிறகு எனக்காக மலையாளத்தில் சொன்னார். “பால்கனியில நிந்நு கண்டு. கவர் பிடிச்சுட்டு ஒருத்தன் இறங்கிப் போறான். ஞானும் வேலை கேட்டு வந்தவன்னு நினைச்சு. நிஸிம் சொன்னப்போ மனசிலாயி. வாய தொறக்கல. கொச்சியில எங்க தாத்தன் தரையில இருந்நத வருஷம் முழுக்கச் சொல்லுவேன். அன்னைக்கு வாய தொறக்கல.”

நிஸிம் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

7

நிஸிம் முன்னால் வந்தார், மெல்கமு பின்னால் வந்தார். இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. நிஸிம் உள்ளே வந்துவிட்டார். மெல்கமு வரவில்லை. வாசல்படியில் நின்று, உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வேலை இருக்கா?”

முகத்தில் சிரிப்பு இல்லை.

“இருக்கு. வாங்க” என்றேன்.

உள்ளே போய் சேட்டன் பக்கத்தில் நின்றார். நிஸிம் முதலில் இருந்து வரியைத் தொடங்கினார். ஒன்பது வார்த்தை போனது. பத்தாவது வார்த்தை மெல்கமு மேல் விழுந்தது. அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். சபாவின் மகன் அப்பாவுக்காகச் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சமையல்கட்டில் நின்றேன். ஸ்டாண்டில் சபாவின் வெள்ளைச் சட்டை தொங்கியது. இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், அடுத்த வருஷத்துக்கு.

மகன் என்னைப் பற்றி எங்கும் புகார் செய்யவில்லை. உள்துறை ஆபீஸில் மூன்று நாள் வரிசையில் நின்று விசாவை வேறு பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது பார்ப்பது வேறொரு பெரியவரை, அதே தெரு. கிளினிக்குப் போகும்போது மெல்கமு பையைப் பார்க்கிறார். நான் வணக்கம் சொல்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. நிஸிம் கடையில் அவர் ரொட்டி வாங்குகிறார், பார்த்தேன்.

தாமோதரா, நாம் சேர்ந்து எத்தனை பேரை அனுப்பியிருப்போம்? ஒருத்தர் பெயரும் ரிஜிஸ்டரில் இல்லை. உள்ளே போனவர்களை மட்டும்தான் எழுதினோம். நீ சொன்ன மாதிரி இந்த ஒன்றையாவது எழுதிவிடுகிறேன்.

பெயர்: மெல்கமு. வந்தது: மல்கா அம்மா நாள், சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன். வந்த காரியம்: ஒரு கிழவருக்குப் பக்கத்தில் நிற்க. திருப்பி அனுப்பியது: பழனி.